மதராசி கேம்ப்பில் பாதிப் பேருக்கு மட்டும் வீடு ஏன்? தாமதமும் லஞ்சமும் வறுமையைப் பெருக்கும் கணக்கு

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டாகத் தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்த ஜுக்கி, அதாவது குடிசைப் பகுதி அது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்க வடிகாலைத் தூர்வார வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் மே மாதம் பிறப்பித்த உத்தரவின்படி இது நடந்தது. அங்கிருந்த சுமார் 370 வீடுகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றுக்குத்தான் தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. 150-க்கும் அதிகமான குடும்பங்களின் பெயர் 'தகுதியில்லாதவர்' பட்டியலில் விழுந்தது.

ஒரே சந்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து குடியேறியவர்களில் ஒருவருக்கு வீடு உண்டு, அடுத்த கதவுக்காரருக்கு இல்லை. இதைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, "யாராவது காசு வாங்கிக்கொண்டு பட்டியல் போட்டார்களா?" என்பதைத்தான். நியாயமான சந்தேகம்தான். ஆனால் யாரும் ஒரு ரூபாய்கூட வாங்காமலேயே இந்தப் பட்டியல் இப்படித்தான் வந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் அலுவலகத்திலும் மின்கட்டண கவுண்டரிலும் நடந்ததும் நடக்காமல் போனதும் சேர்ந்துதான் 2025-இல் யாருக்கு வீடு என்பதை முடிவு செய்தன. லஞ்சம் தன் வேலையைப் பெரும்பாலும் அந்தப் பழைய கவுண்டர்களில் எப்போதோ முடித்துவிடுகிறது.

முதலில் சில சொற்கள்

'ஊழல்' என்ற ஒரே சொல்லை நாம் நான்கைந்து வேறு வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பிரித்துக்கொண்டால் மேற்கொண்டு புரியும்.

1. சில்லறை லஞ்சம்: ஏற்கெனவே உரிமையுள்ள ஒரு சேவைக்காகக் கீழ்மட்ட ஊழியருக்கோ அவருடைய புரோக்கருக்கோ கொடுப்பது. தில்லியில் அந்தப் புரோக்கரைத் தலால் என்பார்கள்.

2. ஒப்பந்தக் கமிஷன்: சாலை, வடிகால், கட்டடம் போன்ற வேலைகளின் பில் தொகையில் ஒரு பங்கு மேலே போவது. இதில் பணம் மக்களின் கையிலிருந்து நேரடியாகப் போவதில்லை. வேலையின் தரத்திலிருந்து போகிறது.

3. கசிவு: அரசு அனுப்பிய பொருளோ பணமோ பயனாளியிடம் வந்து சேர்வதற்குள் குறைந்துபோகும் அளவு.

4. விடுபடல் பிழை, சேர்ப்புப் பிழை: கிடைக்க வேண்டியவர் பட்டியலில் இல்லாமல் போவது முதலாவது. கிடைக்கக் கூடாதவர் உள்ளே வருவது இரண்டாவது. செய்தியில் அடிபடுவதெல்லாம் இரண்டாவதுதான். ஏழையைக் கொல்வது முதலாவது.

5. நிர்வாகக் குறைபாடு: திருட்டு எதுவும் இல்லாமலேயே, ஆள் பற்றாக்குறை, பழைய கணக்கு, பொருந்தாத விதி ஆகியவற்றால் சேவை தடைபடுவது.

ஐந்தாவது இருக்கும் இடத்தில்தான் முதலாவது முளைக்கிறது. வரிசை இல்லாத கவுண்டரில் வரிசையைத் தாண்டுவதற்குக் காசு கேட்க முடியாது அல்லவா?

தகுதியைத் தீர்மானிக்கும் தாள்கள்

தில்லியில் குடிசைப் பகுதிகளுக்கு மாற்று வீடு தருவது தில்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. சுருக்கமாக டூசிப். அது 2015-ஆம் ஆண்டுக் கொள்கையின்படி நடக்கிறது. முக்கிய நிபந்தனைகள் இவை:

1. பகுதி 2006 ஜனவரி 1-க்கு முன் உருவாகியிருக்க வேண்டும். குறிப்பிட்ட வீடு 2015 ஜனவரி 1-க்கு முன் இருந்திருக்க வேண்டும்.

2. விண்ணப்பிப்பவரின் பெயர் 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது இருக்க வேண்டும். அந்தக் குடிசைப் பகுதியில் கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

3. அதே முகவரிக்கு, 2015-க்கு முன் வழங்கப்பட்ட ஆவணங்களில் ஒன்று வேண்டும்: ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வங்கி பாஸ்புக், சாதிச் சான்று முதலியவை.

4. மாடியில் தனிக் குடும்பம் இருந்தால், அதற்குத் தனி ரேஷன் கார்டு இருந்திருக்க வேண்டும்.

5. தில்லியில் வேறு பக்கா வீடு இருக்கக் கூடாது. முழுக்கக் கடையாகப் பயன்படும் இடத்துக்கு வீடு கிடையாது.

படிக்கும்போது எதிலும் அநியாயம் தெரியவில்லை. நடைமுறையில் ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2012-இல் பெயர் இருந்தவருக்கு 2025-இல் இல்லாமல் போகலாம். சரிபார்க்க ஆள் வந்த நேரத்தில் அவர் வீட்டு வேலைக்குப் போயிருந்தால், 'இடம் மாறியவர்' என்று குறித்துவிட்டால் போதும், பெயர் போய்விடும். அதற்கு மேல் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டும்தான். இந்திப் படிவத்தில் அப்பா பெயர் ஒரு தாளில் குடும்பப் பெயராகும், இன்னொரு தாளில் காணாமல் போகும். ழகரம் இந்தியில் எழுத்தாகவே நிற்காது. ஒரு ஊழியர் அதை லகரமாக எழுதுவார், இன்னொருவர் ஜகரமாக. 'எழிலரசி' வாக்காளர் பட்டியலில் ஒருத்தி, ஆதாரில் வேறொருத்தி. கணினி பொருத்திப் பார்க்கும்போது இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லாது. திருத்தம் கேட்டு மனு கொடுக்க வேண்டும். அங்கேதான் தலால் நிற்பார்.

மாடி வீட்டு நிபந்தனை இன்னும் கொடியது. மகனுக்குக் கல்யாணமாகி மேலே ஓர் அறை போட்டுக் குடியேறியிருப்பான். அவனுக்குத் தனி ரேஷன் கார்டு வேண்டுமென்றால் அப்பா கார்டிலிருந்து பெயர் நீக்கிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பெயர் நீக்கம் ஒரே வாரத்தில் நடந்துவிடலாம். புதிய கார்டு வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் விவரம் தெரிந்த குடும்பங்கள் பெயரை நீக்காமலே விட்டுவைத்தன. அந்த எச்சரிக்கையே பிறகு மகனின் வீட்டுரிமையைத் தின்றது.

தாமதம் எப்படி விற்பனைச் சரக்காகிறது?

லஞ்சத் தொகை எப்படி நிர்ணயமாகிறது என்பது தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சான்றிதழுக்கு நேர்மையாக அலைந்தால் ஐந்து நாள் வேலை போகும். படிவம், நகல், ஆட்டோ தனி. ஆக 2,500 ரூபாய்க்குக் குறையாத இழப்பு. தலால் 1,500 கேட்கிறார். கொடுப்பதுதான் லாபம். தலால் 4,000 கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். அலைச்சலின் விலைக்குச் சற்றுக் கீழே லஞ்சத்தின் விலை போய் நிற்கிறது.

அடுத்த படி இதிலிருந்து தானாக வருகிறது. அலைச்சல் கூடினால் லஞ்சத்தின் விலையும் கூடும். எனவே கவுண்டரில் இருப்பவருக்கு அலைச்சலைக் குறைப்பதில் ஆர்வம் இருக்காது. கூட்டுவதில்தான் இருக்கும். "சர்வர் டவுன்", "பெரியவர் லீவு", "இந்த நகலில் கெஸட்டட் கையெழுத்து இல்லை" எல்லாம் சில நாள் உண்மையாகவும் சில நாள் சரக்காகவும் இருக்கும். எது எப்போது என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது.

இதை யூகமென்று தள்ளிவிட வேண்டாம். தில்லியில் ஓட்டுநர் உரிமம் பெற்றவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. மரியான் பெர்ட்ரண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வரும் செய்தது. உரிமம் பெற்றவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் ஓட்டுநர் தேர்வையே எழுதவில்லை. சோதித்துப் பார்த்தபோது பத்தில் ஆறு பேருக்கு மேல் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள். இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு வேறு. முறையாகத் தேர்வுக்குப் போனவர்களில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் அதிகாரிகள் ஒரே மாதிரி தோற்கடித்தார்கள். திறமை இருந்தும் தேறமாட்டோம் என்ற நிச்சயமின்மையை உண்டாக்கினால்தான் ஏஜெண்டிடம் கூட்டம் போகும். லஞ்சம் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறது என்ற பழைய வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. எண்ணெய் விற்பவரே சக்கரத்தில் மணலைப் போடுகிறார்.

பாதிப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. மாதம் இரண்டு லட்சம் சம்பாதிப்பவர் கொடுக்கும் 1,000 ரூபாய் அவர் வருமானத்தில் அரை விழுக்காடு. 20,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவருக்கு அது ஐந்து விழுக்காடு. அதோடு, வசதியுள்ளவர் அரசு கவுண்டருக்குப் போகும் தடவைகளே குறைவு. தண்ணீர் குழாயில் வருகிறது, அரிசி கடையில் வாங்குகிறார், பிள்ளை தனியார் பள்ளியில் படிக்கிறது. ஏழைக்குத்தான் எல்லாவற்றுக்கும் அரசு கவுண்டர். வருமானம் குறையக் குறைய விகிதம் ஏறும் வரி என்று இதைச் சொல்லலாம். எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராத வரி.

ரேஷன்: திருட்டும் கணக்குப் பிழையும்

உணவு தானியக் கசிவைப் பற்றி அரசே சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 2005-இல் திட்டக் குழு செய்த மதிப்பீட்டின்படி, மத்தியத் தொகுப்பிலிருந்து மானிய விலையில் கொடுத்த தானியத்தில் சுமார் 58 விழுக்காடு வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஏழைக்கு 1 ரூபாய் சேர்க்க அரசு 3 ரூபாய் 65 காசு செலவழித்தது. பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் ஒரு கடையில் கசிவு எப்படி நடக்கிறது என்பது அப்படியேதான் இருக்கிறது.

ஒரு கடையில் 1,000 கார்டு, கார்டுக்கு 4 பேர் என்று கொள்வோம். 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ. மொத்தம் 20,000 கிலோ, அதாவது 20 டன். தராசில் ஆளுக்குக் கால் கிலோ மட்டும் குறைத்தால் மாதத்துக்கு 1,000 கிலோ மிஞ்சும். வீட்டுக்காரர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. கிலோ 25 ரூபாய் என்றால்கூட 25,000 ரூபாய். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. டீலருக்குக் கமிஷன் சொற்பம், அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். கடை வாடகை, எடையாளின் கூலி, மூட்டையில் வரும் எடைக்குறைவு எல்லாம் அவர் தலையில். தராசில் ஈடுகட்டுவதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் கமிஷனை நேரத்துக்குக் கொடுக்காத அரசு, தராசைச் சோதிக்க இன்ஸ்பெக்டரை அனுப்பினால், அந்த இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பங்கு போகும். அவ்வளவுதான் நடக்கும்.

கைரேகை இயந்திரம் வந்ததும் போலிக் கார்டுகள் குறைந்தன. எடைக்குறைவை அது தடுக்காது. இயந்திரத்தில் 20 கிலோ என்று பதிவாகும், பையில் 19 கிலோ விழும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்த பெண்களுக்கு இயந்திரம் கதவையே மூடிவிடும். திருடனைப் பிடிக்க வைத்த பூட்டு வீட்டுக்காரியை வெளியே நிறுத்துவது இதுதான்.

திருட்டே இல்லாமல் பசியை உண்டாக்கும் இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பயனாளி உச்சவரம்பு உண்டு. தில்லிக்கு அது சுமார் 72.78 லட்சம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தில்லியில் 1.68 கோடிப் பேர் இருந்தார்கள், அந்த அடிப்படையில் வைத்த வரம்பு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. நகரம் பெருத்தது, வரம்பு அசையவில்லை. அதனால் தகுதி இருந்தும் கார்டு கிடையாது. யாராவது இறந்தாலோ, நீக்கப்பட்டாலோதான் இடம் காலியாகும். சினிமா கொட்டகையில் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினால் பிளாக்கில் டிக்கெட் விற்பவன் வருவான். இங்கும் அதே கதை.

தமிழ்நாட்டில் அரிசி கார்டு கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. அங்கே 'நீ ஏழைதானா' என்று நிரூபிக்கச் சொல்லும் கவுண்டர் இல்லாததால், அந்தக் கவுண்டரில் பிறக்கும் லஞ்சமும் இல்லை. கசிவு குறைந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு தொடர்ந்து வருவதற்கு இது ஒரு காரணம். தில்லிக்கு வந்தவர்கள் ஊர்க் கார்டை இங்கே பயன்படுத்தலாமா என்று கேட்பதுண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் 2021 ஜூலை முதல் தில்லிக் கடைகளில் வாங்கலாம். ஒரு நிபந்தனை: ஊர்க் கார்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் கார்டாகவோ, மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா கார்டாகவோ இருக்க வேண்டும். ஸ்மார்ட் கார்டில் 'பிஎச்எச்' என்று இருந்தால் கிடைக்கும். 'என்பிஎச்எச்' என்று இருந்தால் கிடைக்காது, ஏனென்றால் அந்த அரிசி மாநில அரசு தன் செலவில் தருவது. கார்டில் முன்னால் 'என்' என்ற ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

மேலே நடப்பது: ஒப்பந்தமும் வடிகாலும்

சில்லறை லஞ்சம் கண்ணுக்குத் தெரியும். ஒப்பந்தக் கமிஷன் தெரியாது. ஆனால் பணம் எந்தத் துறைக்குப் போகும் என்பதையே அது மாற்றிவிடும். பொருளியலாளர் பாவ்லோ மௌரோ பல நாடுகளின் கணக்கை ஒப்பிட்டு 1998-இல் காட்டியது இது: ஊழல் கூடிய நாடுகளில் கல்விக்கு அரசு ஒதுக்கும் பங்கு குறைகிறது. காரணம் எளிது. ஆசிரியர் சம்பளத்தில் கமிஷன் எடுப்பது கடினம். கான்கிரீட்டில் எளிது.

கான்கிரீட்டைவிட எளிது தூர்வாருதல். வேலை நடந்ததற்கான தடயத்தை முதல் மழையே அழித்துவிடும். முறையாகச் செய்வதென்றால் வடிகாலின் ஆழத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் வேலைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். எடுத்த சேற்றை உலரவிட்டு எடைமேடையில் ஏற்ற வேண்டும். லாரி எண், நேரம், கொட்டிய இடம் மூன்றும் ரசீதில் வர வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் மீதி இரண்டும் வெறும் காகிதம். ஈரச் சேற்றை எடைபோட்டால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். எடுத்த சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் மழையில் அது திரும்ப உள்ளே போய், அடுத்த ஆண்டு மறுபடி பில்லாகும்.

வடிகால் அடைத்து ஊருக்குள் தண்ணீர் ஏறினால் காரணம் தேடப்படும். செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவைப் புத்தகத்தைத் திறப்பதைவிடக் கரையில் இருக்கும் குடிசையைக் காட்டுவது சுலபம். குடிசைகள் நீரோட்டத்தைத் தடுப்பதே இல்லை என்று சொல்லவில்லை; பல இடங்களில் தடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு வடிகால் ஏன் நிரம்புகிறது என்ற கேள்விக்கு ஆக்கிரமிப்பு, தூர்வாராமை, கழிவுநீர் இணைப்பு, கட்டட இடிபாடு என்று நான்கைந்து விடைகள் உண்டு. அவற்றில் எதிர்த்து வழக்காடச் சக்தியில்லாத விடைமேல் புல்டோசர் முதலில் ஏறுகிறது.

நரேலா: வீடு கிடைத்தவரின் கணக்கு

பட்டியலில் பெயர் வந்தவர்களின் கதையும் முடிந்துவிடவில்லை. ஜங்புராவிலிருந்து நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கேம்ப் பெண்களில் பலர் நிஜாமுதீன், ஜங்புரா, லாஜ்பத் நகர் பக்கத்து வீடுகளில் பாத்திரம், துணி, சமையல் என்று வேலை பார்த்தவர்கள். காலை ஏழு மணிக்கு ஒரு வீடு, ஒன்பதுக்கு இன்னொன்று என்று நடந்து போய்ச் செய்யும் வேலை அது. பேருந்துக் கட்டணம் இல்லாவிட்டாலும் போக வர நான்கு மணி நேரம் ஆனால், மூன்று வீட்டில் இரண்டைக் கைவிட வேண்டும். வருமானம் மூன்றில் ஒன்றாகிவிடும். நரேலாவில் புதிய வேலை தேடலாம் என்பவர்கள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

வீடு இலவசமும் அல்ல. கொள்கைப்படி பயனாளியின் பங்கு பொதுவாக 1,12,000 ரூபாய், ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு 30,000. மொத்தம் 1,42,000. வங்கிக் கடன் எல்லோருக்கும் கிடைக்காது. ஒரு லட்சத்தை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வெளியே வாங்கினால் மாதம் 5,000 ரூபாய் வட்டியே போகும். அசல் அப்படியே இருக்கும். வருமானம் குறைந்த அதே மாதத்தில் இந்தச் செலவு தொடங்குகிறது.

பள்ளிக்கூடமும் அப்படியே. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் லோதி எஸ்டேட், ஜனக்புரி, மோதிபாக் என நகரின் உட்பகுதியில் உள்ளன. நரேலாவில் ஒன்றுமில்லை. ஆண்டு நடுவில் இடம் மாறும் பிள்ளை இந்தி வழிப் பள்ளிக்குப் போகும், அல்லது படிப்பை விடும்.

வீடுகள் கட்டி முடிந்து ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தவை என்பது இன்னொரு செய்தி. 2005-இல் தொடங்கிய நேரு நகர்ப்புறத் திட்டத்தின் கீழ் பவானா, நரேலா பக்கம் கட்டிய பல்லாயிரம் வீடுகள் குடியேற்றமே இல்லாமல் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டில் குழாயும் மின்கம்பியும் திருட்டுப் போகும். மதராசி கேம்ப் குடும்பங்களை அனுப்புமுன் அடிப்படை வசதிகளைச் சரிசெய்யுங்கள் என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஒருபக்கம் கட்டிய வீடு பாழாகிறது, இன்னொரு பக்கம் 'தகுதியில்லை' என்று குடும்பங்கள் தெருவில் நிற்கின்றன. இதில் யார் எவ்வளவு தின்றார்கள் என்று தேடினால் ஒருவேளை யாரும் அகப்பட மாட்டார்கள். பணம் அப்படியே மண்ணாகியிருக்கும்.

தகுதியில்லாதவர் நிலை வேறு. முகவரி போனதும் ரேஷன் கார்டும் வாக்காளர் பெயரும் ஆடும். வேறு ஜுக்கியில் வாடகைக்குப் போனால் மின்சார மீட்டர் உரிமையாளர் பெயரில் இருக்கும். மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை என்ற சலுகை அவருக்குப் போகும். வாடகைக்காரர் அவர் சொல்லும் விலைக்கு யூனிட் வாங்குவார். அடுத்த இடிப்பின்போது காட்ட அவரிடம் எந்த ரசீதும் இருக்காது.

எது வேலை செய்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் தில்லிக் குடிசைப் பகுதியில் நடந்த ஒரு சோதனையைப் பார்க்க வேண்டும். லியோனிட் பெய்சாகின், பால் பின்டோ இருவரும் நடத்தி 2010-இல் வெளியிட்டது. ரேஷன் கார்டுக்கு விண்ணப்பித்தவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள்: சும்மா விண்ணப்பித்தவர்கள், தொண்டு நிறுவனக் கடிதம் வைத்தவர்கள், தகவல் மனு போட்டவர்கள், லஞ்சம் கொடுத்தவர்கள். லஞ்சக் குழுவுக்கு முதலில் கிடைத்தது. தகவல் மனு போட்டவர்களுக்கு அதற்குச் சற்றுப் பின்னால். மற்ற இரண்டு குழுக்களில் பெரும்பாலோருக்கு ஆண்டு முடியும் தறுவாயிலும் கிடைக்கவில்லை. பத்து ரூபாய் மனு ஏறத்தாழ லஞ்சத்தின் வேலையைச் செய்தது. தாமதத்தை யார் செய்கிறார் என்று பெயர் எழுத வைத்துவிட்டால் தாமதத்தை விற்பது கடினமாகிறது.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம். 'என் கார்டு ஏன் வரவில்லை' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வரும். இப்படிக் கேட்க வேண்டும்:

1. என் மனு எண், தேதி இது. கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை அது எந்தெந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது?

2. விதிப்படி ஒவ்வொரு நிலையிலும் எத்தனை நாள் அவகாசம்? விதியின் நகல் தேவை.

3. அவகாசம் தாண்டியிருந்தால் பொறுப்பான அலுவலரின் பெயர், பதவி என்ன?

4. எனக்குப் பிறகு விண்ணப்பித்து எனக்கு முன் கார்டு பெற்றவர்கள் எத்தனை பேர்? என்ன காரணத்தால்?

கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக் கார்டு இருந்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தகவல் ஆணையம் வரை போனால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் உண்டு. இதையும் தில்லியின் 2011-ஆம் ஆண்டு சேவை உரிமைச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் தாமதத்துக்கு இழப்பீடு நாளுக்கு 10 ரூபாய், ஒரு மனுவுக்கு அதிகபட்சம் 200. ஆயிரக்கணக்கில் விலைபோகும் தாமதத்தை 200 ரூபாய் எப்படித் தடுக்கும்?

வெளிநாட்டு அனுபவம் இரண்டைச் சேர்த்துச் சொல்லலாம். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு அனுப்பிய மானியத்தில் சராசரி 13 விழுக்காடே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது என்று செய்தித்தாளில் அச்சிடத் தொடங்கிய பின், 2001-இல் அது 80 விழுக்காட்டைத் தாண்டியது. இந்தோனேசியக் கிராமச் சாலைகளில் தணிக்கை நிச்சயம் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்தபோது காணாமல் போன செலவு 8 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. கூடவே வேறொன்றும் நடந்தது: பொறுப்பாளர்கள் தங்கள் உறவினருக்குக் கூடுதலாக வேலை கொடுத்தார்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் தண்ணீர் அடுத்த ஓட்டையைத் தேடும்.

லஞ்சம் கேட்டால் என்ன செய்வது என்பதிலும் சட்டம் மாறியிருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ ஊழல் தடுப்புப் பிரிவிலோ தெரிவித்தால் தப்பலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்கள் திட்டப்படி கொடுப்பவருக்குக் குற்றமில்லை. நாள்கூலிக்காரர் ஏழு நாளுக்குள் இதைச் செய்வாரா என்பது சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டிய கேள்வி.

இப்போது குடிசைப் பகுதியில் இருப்பவர்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டியவை இவை: ஒவ்வொரு ஆண்டும் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயர் வரும் பக்கத்தின் அச்சு, ஆண்டுக்கு ஒரு மின் ரசீதாவது, கார்டு வழங்கிய தேதி தெரியும் பக்கம், பிள்ளையின் பள்ளிச் சான்று, கொடுத்த ஒவ்வொரு மனுவின் ஒப்புகைச் சீட்டு. எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா, ஜுக்கி எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஆதாரோடு ஒப்பிட வேண்டும். கணக்கெடுப்புக்கு ஆள் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது; போயிருந்தால் வரைவுப் பட்டியல் ஒட்டியதும் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். 2015-க்கு முந்தைய தாளை இனி யாராலும் உண்டாக்க முடியாது. அடுத்து ஒரு வெட்டுத் தேதி, அதாவது 'இதற்கு முன் இருந்தவர்களுக்கே வீடு' என்ற வரம்பு, அறிவிக்கப்பட்டால் கேட்கப்போவது இந்த ஆண்டின் தாளாக இருக்கலாம்.